ஒரு வாய்த் தேத்தண்ணி

சூசை,

உன் அம்மா எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. கடைசி வாங்குப் பலகையில் இருப்பவனுக்கும் தெரியவேண்டுமென்று ஒவ்வொரு எழுத்தும் கொழுக்கொழு என்று வரும் என நீயே கேலி செய்வாய். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, சேலை எடுத்தாயிற்றா, பலகாரத்துக்கு யாரைப் பிடித்திருக்கிறோம் என்று எழுதியிருப்பேன் என நினைத்துக் கவரைப் பிரித்திருப்பாய். அதெல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறார். இது வேறு சமாசாரம். நின்றுகொண்டு படிக்காதே, எங்காவது உட்கார்ந்து படி.

போன புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சேலைகூட மாற்றவில்லை, நம் வேதக்கோயில் சுவாமியார் வாசலில் நிற்கிறார். குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தவர் உட்காரவும் இல்லை. "டீச்சர், ஒங்க மகன் என்கிட்ட ஒரு விசயம் சொல்லிட்டுப் போயிருக்கார். கல்யாணத்தைக் கோயில்லயே வைங்க, பூசையும் வைங்க, ஆனா நான் பாவசங்கீர்த்தனமும் செய்யமாட்டேன், பூசையில நற்கருணை நன்மையும் வாங்கமாட்டேன்னு சொல்றார். பொண்ணு மட்டும் வாங்கட்டுமாம், அவர் அந்த நேரம் சும்மா இருப்பாராம். நான் எத்தனையோ கல்யாணம் முடிச்சு வச்சவன், இப்படி ஒண்ணக் கேட்டதே இல்ல. சனம் என்ன பேசும்? நீங்க அவருக்குத் தாய் மட்டுமில்ல, செபம் சொல்லிக் குடுத்த டீச்சரும் நீங்கதான். நீங்க சொன்னா கேப்பார்," என்றார். நான் எவ்வளவு பேசுகிறவள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு "சரிங்க சாமி" என்று மட்டும் சொல்லிக் குடையை எடுத்துக் கொடுத்தேன்.

நான் சொன்னால் நீ கேட்பாயாம்! எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? நீ ஏன் நன்மை வாங்க மறுக்கிறாய் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடமாக நீ கோயிலுக்கு வருகிறாய், கடைசி வாங்கில் உட்காருகிறாய், மணி அடித்து எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறாய். யாராவது கேட்டால், "யூனியன்காரப் பயல்களோட சேர்ந்து இப்படி ஆயிட்டான்" என்று நான் சிரித்து மழுப்பியிருக்கிறேன். பொய். நீ முதல் நன்மை வாங்கிய நாளில் உன் அம்மா செய்த காரியம் அது. அதைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. நான் திறக்கவிடவில்லை என்பதுதான் சரி.

நான் யார் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே விளங்குகிறது. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். நானும் தோட்டச் சனத்துக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்துக் காம்பராவில் பிறந்தவள்தான். சிஸ்டர்மார் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்கவைத்து, பிறகு பிறந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக அனுப்பினார்கள். செருப்புப் போட்டுக் குடை பிடித்துக்கொண்டு நான் ரோட்டில் வந்தால் தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா வீட்டு அம்மாகூட நின்று, "என்னா டீச்சர், சொகமா?" என்று கேட்பார். அந்த "டீச்சர்" என்ற சொல்லின் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். யாராவது அதைப் பிடுங்கிக்கொண்டு என்னைத் திரும்ப லயத்துக்கே விரட்டிவிடுவார்களோ என்ற பயம் என்னை விட்டதே இல்லை. வெளியே பார்க்கிறவர்களுக்கு அது கண்டிப்பு மாதிரித் தெரிந்தது. சொந்த மகனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாதே என்று, மற்றப் பிள்ளைக்கு ஒரு அடி விழுந்தால் உனக்கு இரண்டு விழும். பள்ளிக்கூடத்துக்குள் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். ஒருநாள் காய்ச்சலில் வாய்தவறி "அம்மா" என்றுவிட்டாய். வகுப்பே சிரித்தது. "டீச்சர், எனக்குக் குளிருது" என்று நீ திருத்திச் சொன்ன பிறகுதான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாய்க் கொதித்தது. அதையும் நீ வீட்டில் வந்து அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம்தான் என்ன பெரிய பள்ளிக்கூடம்! தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். மழை பிடித்துக்கொண்டால் நான் கத்துவது எனக்கே கேட்காது. ஒரு மூலையில் அரிச்சுவடி, ஒரு மூலையில் வாய்ப்பாடு, நடுவில் ஞானோபதேசம். கேள்வியை நான் சொல்ல, பதிலை எல்லாப் பிள்ளைகளும் ராகம் போட்டு ஒன்றாகச் சொல்லும். மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன்தான் வேதக்காரப் பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சொல்வான்; நெற்றியில் திருநீறு, வாயில் திரித்துவம். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், ஒங்க புள்ளைங்க சீனி வாங்க வந்தாலும் கேள்வி பதில்லதான் கேக்குதுங்க. எனக்கே பாதி பாடமாயிருச்சு" என்று சிரிப்பார். எனக்குப் பெருமை தாங்காது. என் பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் சொல்வார்கள், நுவரெலியாக் கன்னியர் மடத்திலிருந்து மதர் வந்து கேட்டாலும் சொல்வார்கள். சொன்னதன் அர்த்தம் எனக்குள் எவ்வளவு இறங்கியிருந்தது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

உங்கள் வகுப்பை முதல் நன்மைக்கு நான்தான் தயார் செய்தேன். நற்கருணை அப்பத்தை முதன்முதலாக நாக்கில் வாங்கப்போகிற பிள்ளைகள். அப்போதைய சட்டம் உனக்கு மறந்திருக்காது. முதல்நாள் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் இறங்கக்கூடாது. பட்டணத்தில் இது பெரிய காரியமில்லை. தோட்டத்தில்? விடியுமுன்னே வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற சனம். எழுந்ததும் கேத்தல் அடுப்பில் ஏறிவிடும். கண் திறக்காத பிள்ளைக்கும் கம்பளிக்குள்ளேயே கோப்பையை நீட்டுவார்கள். தேத்தண்ணி அங்கே சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை. "ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டால், இரண்டு கோப்பை குடித்த பிள்ளையும் மனச்சாட்சி உறுத்தாமல் "இல்ல" என்றுதான் சொல்லும். நான் அதில் வளர்ந்தவள், எனக்கா தெரியாது? லயம் லயமாகப் போய்த் தாய்மாரிடம் சொன்னேன்: "அன்னைக்கு ஒருநாள் மட்டும் கேத்தலை ஒளிச்சு வச்சிருங்க. பீலித் தண்ணியில வாய் கொப்பளிச்சாலும் துப்பிறணும்." பிள்ளைகளிடம், குடித்துவிட்டு நன்மை வாங்கினால் அது தேவதுரோகம் என்று கண்ணை உருட்டிச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். "தவறிக் குடிச்சிட்டா பயப்படாம என்கிட்ட வந்து சொல்லுங்க. உண்மையைச் சொன்னா சேசு சந்தோசப்படுவாரு." சொன்னது இந்த வாய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விடியுமுன்னே கோயிலுக்குப் போய்விட்டேன், பீடத்துக்குப் பூ வைக்க. உன்னை அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு பனி. சிஸ்டர்மார் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளெல்லாம் கோயில் வாசலில் பல் கிட்டித்து நின்றீர்கள். ஹட்டனிலிருந்து வரவேண்டிய சுவாமியாரின் கார் வழியில் எங்கோ மண் சரிந்து நின்றுவிட்டதால் நேரமும் ஆகிக்கொண்டிருந்தது. மதர் வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். "தேத்தண்ணி குடிச்சியா?" "இல்ல டீச்சர்." "குடிச்சியா?" "இல்ல டீச்சர்." கீழ்ப்பிரிவு லயத்து லூர்துவிடம் வந்தேன். ஒல்லியாக, பெரிய கண்ணோடு இருப்பாளே, எதற்கெடுத்தாலும் முதலில் கை தூக்குகிற பிள்ளை. அவள் என்னை நேராகப் பார்த்து, "ஒரு வாய் குடிச்சேன் டீச்சர். குளிருச்சு. அம்மா குடுத்துச்சு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சூசை. சேசு சந்தோசப்படுவார் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேனே, அந்தச் சிரிப்பு.

நான் அவள் தலையிலிருந்த பூமுடியையும் வலை முக்காட்டையும் எடுத்தேன். கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கினேன். தோளைப் பிடித்து வரிசைக்கு வெளியே கதவடியில் நிறுத்தினேன். அவளுடைய தாய், பாவம், இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தவள், ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "டீச்சரம்மா, புள்ள மேல தப்பு இல்லிங்க. நாந்தான் குடுத்தேன். நடுங்குச்சுங்க. ஒரு வாய்தானுங்க." மதர் பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டம்னா சட்டந்தான். அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த டீச்சர் எவ்வளவு கறார் என்று மதர் பார்த்துவிட்டாரே என்ற திருப்தி. பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காக நம் சனம் அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்து, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று கேட்டுக்கேட்டுத் திரும்பி வந்த காலம் அது. நாடே நம்மை வரிசையிலிருந்து தள்ளி நிறுத்திய நேரத்தில், நானும் என் பங்குக்கு ஒரு பிள்ளையைத் தள்ளி நிறுத்தினேன்.

அப்போதுதான் நீ வரிசையை விட்டு வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாய். "டீச்சர், நானும் தேத்தண்ணி குடிச்சேன்." எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆனது. டீச்சர் மகன், செபமாலையை மூச்சு விடாமல் சொல்கிறவன், மதர் முதல்நாள்தான் கன்னத்தைத் தட்டிக்கொடுத்த பிள்ளை. நான் குனிந்து உன் காதுக்குள், அதுவரை பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ பேசாத வீட்டுப் பேச்சில், "வாயை மூடிக்கிட்டுப் போடா" என்றேன். நீ நகரவில்லை. "அப்ப லூர்து?" என்று கேட்டாய். நான் உன் தோளைக் கிள்ளி வரிசைக்குள் தள்ளினேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மணி அடித்தது, நீ முழங்காலில் நின்றாய், வாயைத் திறந்தாய், வாங்கினாய். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூசை முடிந்து பிள்ளைகளுக்கெல்லாம் பனிசும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். நீ தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது, "அதையெல்லாம் சாமிகிட்ட சொல்லாத, நான் பாத்துக்குறேன்" என்று உன்னிடம் சொன்னேன். நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? நம் சுவாமியாருக்கு என் குரல் தெரியுமே என்று வெட்கப்பட்டு, நானுஓயா வரை ரயிலேறிப் போய், என்னை அறியாத ஒரு சுவாமியாரிடம் முழங்காலில் நின்றேன். அவரிடமாவது சொன்னேனா? "பிள்ளைகளிடம் பொறுமை இழந்தேன்" என்றேன். அவரும் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவு தூரம் போயும் பொய் சொல்லிவிட்டுத் திரும்பிய பொம்பளை நான். லூர்து அடுத்த வருடம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரத்துக் குறைந்து நின்றுபோனாள். அந்தக் குடும்பம் கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டு மாரியம்மன் கோயிலோடு சேர்ந்துகொண்டது. யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது, "அதுங்களுக்கு விசுவாசம் பத்தாது" என்றேன். அப்புறம் அவள் கூடை கட்டிக் கொழுந்து எடுக்கிற வயதாகி, மலைப் பாதையில் எதிரே வந்தால், ஒதுங்கி நின்று "டீச்சர்" என்று சிரிப்பாள். நான் குடையைச் சரிசெய்கிற பாவனையில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

இப்போது சட்டம் மாறிவிட்டது, உனக்கும் தெரிந்திருக்கும். சில வாரங்களுக்கு முன்னால் சுவாமியார் பூசையில் அறிவித்தார்: இனி நன்மை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் போதுமாம். சனத்துக்குச் சந்தோசம். எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, "அப்பாடா, இனிமே தேத்தண்ணி குடிச்சிட்டே வரலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் எதற்காக அன்றைக்கு அந்தப் பிள்ளையை நிறுத்தினேன்? இவர்கள் இஷ்டத்துக்குச் சட்டம் போடுவார்கள், இவர்கள் இஷ்டத்துக்கு எடுப்பார்கள், நடுவில் நான் பாவியாவதா? வீட்டுக்கு வந்து பாத்திரங்களையெல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். அப்பா பயந்துபோய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபம் அடங்கின பிறகுதான் உறைத்தது. சட்டத்தின் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. உனக்கென்று வந்தபோது அதே சட்டத்தை ஒரே நொடியில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவள்தானே நான். மடிக்கக்கூடிய சட்டம் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

சுவாமியார் வந்துபோன அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் நான் செய்ததையும் சொல்லவேண்டுமே. அதைவிடக் கேவலம், உனக்கு அன்றைக்குத் தேத்தண்ணி கொடுத்தது அவர்தான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அந்த மனுசனை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினவர், அவருக்கு நோன்பு தெரியுமா ஒன்றா என்று எதற்கெடுத்தாலும் குத்திக்காட்டியிருக்கிறேன். எதற்குக் குத்துகிறேன் என்றே தெரியாமல் அவர் வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தேத்தண்ணியா? அன்னைக்கா? அடி போடி! நீதான் கேத்தலயே தூக்கி அரிசிப் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டுப் போனியே. நான் அடுப்பே பத்த வைக்கல. புள்ள பட்டினி கெடக்குறப்ப எனக்கு மட்டும் என்னா தேத்தண்ணின்னு நானும் ஒண்ணும் குடிக்காமத்தான் வந்தேன். வழியெல்லாம் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'எச்சில முழுங்குனா பாவமாப்பா, எச்சில முழுங்குனா பாவமாப்பா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். 'எச்சியெல்லாம் பரவால்லடா'ன்னு நாந்தான் சொன்னேன். எனக்கென்னா தெரியும். அவனாவது தேத்தண்ணி குடிச்சிருப்பானாவது!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, சூசை. நீ குடிக்கவில்லை. எச்சில் விழுங்கவே பயந்த பிள்ளை, அந்தக் கதவடியில் லூர்து தனியாக நின்று அழுவதைப் பார்த்துவிட்டு, அவளோடு போய் நிற்பதற்காக என்னிடம் பொய் சொன்னாய். அவளை நிறுத்தினால் என்னையும் நிறுத்து என்றுதான் கேட்டிருக்கிறாய். நான் அத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? குடித்துவிட்டு நன்மை வாங்கினோமே, நரகத்துக்குப் போவோமோ என்று என் மகன் பயந்துபோய்த்தான் ஒதுங்கி நிற்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பாவத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டேனே என்று உனக்காகச் செபமாலைகூடச் சொல்லியிருக்கிறேன். உன்மேல் ஒரு பாவமும் இருக்கவில்லை. நீ பயப்படவும் இல்லை. உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று நீ அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டாய். நான் ஊட்டிய விசுவாசம் அதோடு உனக்குக் கசந்துபோனது. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு முன்னால் இப்படி நிற்பதற்கு எனக்குக் கூசுகிறது.

இதை எழுதும்போதே புத்தி சொல்லவும் வாய் வருகிறது, டீச்சர் புத்தி எங்கே போகும். இரண்டே இரண்டு சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ கட்டிக்கொள்ளப்போகிற பிலோமினாவிடம் எதையும் மறைத்து வைக்காதே. நான் அந்த முதல் நன்மை நாள் சாயங்காலமே அப்பாவிடம் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். நீ பொய் சொன்னாய் என்பதும், ஏன் சொன்னாய் என்பதும். கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொண்டதில் நம் மூன்று பேருடைய காலம் போயிற்று. மற்றது உன் வேலையைப் பற்றி. நீயும் வலப்பனையில் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறாய். நிமிர்ந்து பார்த்து, "ஆமா சார், நாந்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த நேரம் வாசலில் யார் நின்று உன்னைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. பிள்ளையை மட்டும் பார். நான் வாசலைப் பார்த்தவள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்பட்டவள் நேரே கோயிலுக்குப் போகாமல், அதற்குக் கீழே இருக்கிற லயத்துக்குப் போனேன். லூர்து இருக்கிற லயம். அந்த நாளுக்குப் பிறகு நான் ஒருநாளும் மிதிக்காத வாசல். இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்தவள், நெற்றியில் திருநீறு, "யாரு, டீச்சரா! ஆத்தாடி! வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்று பதறிப்போய்ப் பலகையை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே சொன்னேன். "லூர்து, அன்னைக்கு முதல் நன்மை அன்னைக்கு உன்னை வெளிய நிப்பாட்டுனேன். சூசையும் குடிச்சேன்னு வந்து சொன்னான். அவனை உள்ள தள்ளிட்டு உன்னை மட்டும் நிப்பாட்டுனேன். நான் செஞ்சது அநியாயம். என்னை மன்னிச்சிரு."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அதுக்கா டீச்சர் வந்தீங்க?" என்றாள். "நான் சின்னப்புள்ள. அந்த வெள்ளச் சட்டையக் கழட்டிக் குடுக்கச் சொன்னாங்களேன்னுதான் அழுதேன். ரெண்டு நாள்ல மறந்துட்டேன். எங்கம்மாதான் டீச்சர். சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. 'எம் புள்ளைக்கு வந்த நல்லத ஒரு வாய்த் தேத்தண்ணியால நானே கெடுத்துப்புட்டேனே'ன்னு. விடும்மா, விடும்மான்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன், கேக்கல. நீங்க ஒரு வாட்டி வந்து சொல்லியிருந்தா கேட்டிருக்கும் டீச்சர். எங்கம்மாவுக்கு நீங்கன்னா சாமி மாதிரி." அவள் தாய் போன வருடம்தான் செத்துப்போனாளாம். எனக்குத் தெரியாது. பக்கத்து லயம், நான் போய் ஒரு முறை எட்டிப்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவள் மண்ணுக்குள் போய்விட்டாள். நான் அவள் மகளிடம் வந்து நிற்கிறேன்.

நான் வாசலில் அழுதுகொண்டிருக்க, அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். லயத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றால் வேறென்ன செய்வார்கள்? மேலே கோயிலில் முதல் மணி அடித்தது. "வேணாம் லூர்து, பூசைக்குப் போறேன்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னும் போகவில்லை பார், அந்தப் புத்தி. கோப்பையை வாங்கினேன். "சூடா இருக்கு டீச்சர், பதமாக் குடிங்க" என்றாள். அடிவரைக்கும் குடித்தேன்.

கோயிலில் என் இடம் முன் வாங்கு, உனக்குத் தெரியும். நன்மைக்கு மணி அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அவர்கள் போக வழி விட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் எழுந்து போகாமல் இருந்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. "டீச்சருக்கு என்னாவாம்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தலை நரைத்த பொம்பளை, எனக்கு உட்கார ஒரு வாங்கு இருந்தது. அவள் எட்டு வயதுப் பிள்ளை, கதவடியில் நின்றாள்.

பூசை முடிந்ததும் சுவாமியார் வாசலில் என்னை மறித்து, "என்ன டீச்சர், ஒடம்புக்கு முடியலையா? நன்மைக்கு வரலையே" என்று கேட்டார். சுற்றிலும் சனம். "தேத்தண்ணி குடிச்சிட்டேன் சாமி, இப்பத்தான், மணி அடிக்கிறப்ப," என்றேன். அவர் நல்ல மனுசன், சிரித்துவிட்டார். "ஒரு வாய்த் தேத்தண்ணிதானே டீச்சர், வந்திருக்கலாமே," என்றார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பார் அவருக்கு. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகன் என்றபோது மட்டும் மனசு வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மகன்கிட்ட பேசினீங்களா?" என்றார். "பேசமாட்டேன் சாமி. அவன் வாங்காம இருக்குறதுக்கு நான்தான் காரணம். அவனை ஒண்ணும் கேக்காதீங்க," என்றேன். தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. மதருக்குக் கேட்கவேண்டுமென்று அன்றைக்குக் கத்தின அதே குரலில்தான் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆகவே, மகனே, உன்னை நான் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிட்டேன் என்று பதில் எழுதவேண்டாம். அதை எழுதவைத்து வாங்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கல்யாணத்தன்று மணி அடிக்கும்போது உனக்கு எழுந்து போகத் தோன்றினால் போ. தோன்றவில்லை என்றால் இரு, எனக்காக எழுந்திருக்காதே. மாப்பிள்ளை ஏன் நன்மை வாங்கவில்லை என்று பெண் வீட்டார் கேட்பார்கள், ஊர் கேட்கும். நீ ஒரு வார்த்தை பதில் சொல்லவேண்டாம். முன் வாங்கில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடு. நான் சொல்கிறேன்.

அம்மா